செடிக்குத் தண்ணி காட்டியவர்கள்

அத்தியாயம் நான்கு

"பிளாஸ்டிக் செடிக்கு எதுக்கு சார் தண்ணி?"

வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாள் கேட்டதும், தொட்டியில் கவிழ்க்கப் போன டம்ளரை என் மச்சினன் பாதியில் நிறுத்தினான். தொட்டியின் ஓரம் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அதன் மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: 'இது பிளாஸ்டிக் செடி. எதையும் ஊற்ற வேண்டாம்.'

"அப்ப மிச்சத் தண்ணியை எங்கம்மா ஊத்துறது?"

"உங்க வாயிலயே ஊத்திக்குங்க. அதுதான் திறந்தே இருக்கே."

"அத்தான், என்னைப் பத்தி யாரோ இவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்காங்க."

மச்சினன் என் மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாமல் கடைசியில் என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டவன். துப்பறியும் தொழிலுக்கு மூடிய வாயும் திறந்த கண்ணும் வேண்டும். இவனுக்கு இரண்டும் திறந்தே இருக்கும். கையும் சும்மா இராது. தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தச் செடியின் இலையைப் பிடித்துத் தடவினான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான். விரிச்ச உள்ளங்கை மாதிரியே இருக்கு. ஆனா சுடுது அத்தான். இந்த ஆபீஸ்ல பிளாஸ்டிக்குக்கே காய்ச்சல்."

"சன்னல் ஓரத்துல வெச்சா சுடத்தான் செய்யும். கையை எடு" என்றேன்.

முதலாளியின் அறைக்குள் போனோம். விதைக் கம்பெனி முதலாளி. சுவரில் அவரே ஒரு செடியைக் குழந்தை மாதிரி ஏந்தியிருக்கும் பெரிய படம். அதன் கீழே தங்க எழுத்தில் 'நம்பிக்கையே எங்கள் விதை'. நம்பிக்கை என்று எழுதி மாட்டியிருக்கிற இடத்தில் நான் நாற்காலியைக்கூட ஆட்டிப் பார்த்துத்தான் உட்காருவேன்.

"தண்ணியே இல்லாம ஒரு கோடை முழுக்கத் தாங்குற செடி சார்" என்றார் முதலாளி. மேஜையில் இருந்த நீல மூடி பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். "வாங்குறதுக்கு வெளிய இருந்து ஆளுங்க வந்து தங்கியிருக்காங்க. சாயங்காலம் காட்டணும். கண்ணாடி வீட்டுல வெச்சுப் பூட்டி, சொட்டுத் தண்ணி ஊத்தாம சோதனை நடத்தினோம். நேத்து வரைக்கும் பச்சையா நின்னுச்சு. இன்னிக்குக் காலையில பாத்தா அத்தனையும் தலை தொங்கிக் கெடக்கு."

"செடியை உருவாக்கினது யாரு?"

"எங்க ஆராய்ச்சியம்மா. கொன்னதும் அவங்கதான்."

பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். ஆராய்ச்சியில் அந்த அம்மாளுக்குத் துணையாக இருப்பவர். ஆபீசில் எல்லாரும் அவரைத் 'துணை' என்றே கூப்பிட்டார்கள்.

"விஞ்ஞான ரீதியா பாத்தா சார், அந்தச் செடியில ஒரு விளக்கு மரபணு வெச்சிருக்காங்க. செடி தாகத்தை உணர்ந்தா இலை இருட்டுல மினுங்கணும். கண்ணாடி வீட்டுல ஒரு கேமரா இருக்கு. இருட்டுல இலையை மட்டும் படம் எடுக்கும். சோதனை தொடங்கினதுலேருந்து ஒரு படத்துலகூட மினுங்கலை. அதாவது தாக மரபணு வேலையே செய்யலை. இன்னிக்குக் குட்டு உடைஞ்சுடும்னு பயந்து அவங்களே முந்திக்கிட்டாங்க."

"பிணம் இருக்கு, கொலைகாரியும் ரெடி" என்றான் மச்சினன். "அப்புறம் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? அழறதுக்கு ஆள் குறையுதா?"

முதலாளி அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கம்பெனி மேல தப்பில்ல, அந்தம்மா மேலதான்னு வெளி ஆள் ஒருத்தர் சொன்னா எடுபடும். நீங்க சொன்ன கையோட அவங்களை அனுப்பிடுவேன். அவங்க வெச்சிருக்கிற விதைக் குப்பியும் பின்னாடி உலைக்குப் போயிடும்."

"விதை அத்தனையுமா?"

"மரபணு மாத்துன சரக்கு சார். எரிச்சாத்தான் தொல்லை விட்டுது."

கேஸ் ஆரம்பிக்கும்போதே முடிவைச் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

கண்ணாடி வீட்டைத் துணைதான் திறந்துவிட்டார். உள்ளே நீளமான ஒரு மேஜை. அதன் மேல் வரிசையாகத் தொட்டிகள். இலைகள் மஞ்சளாகித் துவண்டு கிடந்தன. துணை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"பாத்தீங்களா, தாகத்துல எப்படி வாடியிருக்கு" என்றார்.

நான் ஒரு தொட்டி மண்ணில் விரலை விட்டேன். தாகத்தில் செத்த செடியின் மண் வெடித்துக் கிடக்கும், விரல் இறங்காது. இங்கே விரல் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வெளியே எடுத்து முகர்ந்தேன். சாக்கடை.

மச்சினன் ஒரு செடியைப் பிடித்து இழுத்தான். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, நனைந்த சணல் போல நூல் நூலாகப் பிரிந்தது.

"அத்தான், இது தாகத்துல செத்த கேஸ் இல்ல. நீச்சல் தெரியாம செத்த கேஸ்."

"ஊத்தி ஊத்தி வேரை அழுக வெச்சிருக்காங்க. அழுகின வேர் தண்ணியை இழுக்காது. அதனால மேல இலை வாடும். மேலோட்டமாப் பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மேஜைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு நீல மூடி மிதந்தது. ஓரமாக ஊசி மருந்து போடும் ஊசியின் பிளாஸ்டிக் உறை ஒன்று. கண்ணாடிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு, ரப்பர் குழாயில் பீய்ச்சியது போலச் சேறு தெறித்திருந்தது. மூடியையும் உறையையும் எடுத்து மச்சினன் சட்டைப் பையில் போட்டேன். துணைக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"இந்த வீட்டுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, முதலாளிகிட்ட, வாட்ச்மேன்கிட்ட. அந்தம்மாகிட்ட இல்ல. வளர்த்தவங்க உள்ள போகக் கூடாது, அப்பதான் சோதனை நேர்மையா இருக்கும்னு அவங்களே குடுத்துட்டாங்க."

"சாவி இல்லாதவங்க எப்படி உள்ள வந்து கொன்னாங்க?"

துணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விஞ்ஞான ரீதியா பாத்தா... அதைக் கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்."

ஆராய்ச்சியம்மாளின் அறை கட்டிடத்தின் பின்கட்டில் இருந்தது. அவர் ஏற்கெனவே ஓர் அட்டைப் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கெட்டில், ஒரு குடை, கிழிந்த கையுறைகள். மேஜையில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே அரைக் குப்பிக்கு மிளகு நிறத்தில் விதைகள்.

"நீங்கதானே நான் திருடின்னு சொல்ல வந்தவர்?"

"திருடின்னு சொல்லலை. கொலைகாரின்னுதான் சொல்லச் சொன்னாங்க" என்றான் மச்சினன்.

அவர் சிரிக்கவில்லை. நான் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

"செடிக்குத் தாகம் எடுக்கும், அதை அது உணரும்னு சொல்றீங்க. அதுக்கு என்ன மூளையா இருக்கு?"

"மூளை இருக்கிறவங்களைவிட ஒழுங்காவே உணரும். மண்ணு காயறது முதல்ல வேருக்குத்தான் தெரியும். உடனே வேர் ஒரு சின்னப் புரதத் துணுக்கைச் செஞ்சு மேல அனுப்பும். சீட்டு எழுதிக் குடுத்தனுப்புற மாதிரி. அது இலைக்குப் போய்ச் சேர்ந்ததும் இலை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதுதான் அபாய மணி."

"எங்க அக்கா கரண்டியால மேஜையைத் தட்டுற மாதிரி" என்றான் மச்சினன். "அந்தச் சத்தம் கேட்டா எங்கத்தான் ஒடம்புல எல்லாமே மூடிக்கும்."

"செடியிலயும் அதேதான். செல்லுக்குள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கு. சாதாரண நாள்ல ஒரு காவக்காரன் அதை அமுக்கிப் பிடிச்சிருப்பான். அந்த ஹார்மோன் வந்ததும் அதை வாங்கிக்க ஒருத்தன் இருக்கான். வாங்கின கையோட போய்க் காவக்காரனை மடக்கிடுவான். ஸ்விட்ச் விடுபடும். உள்ள தூங்கிக்கிட்டிருக்கிற தாக மரபணுக்கள் ஒவ்வொண்ணா எழும்பும். இலையில இருக்கிற குட்டிக் குட்டி வாயெல்லாம் மூடிக்கும். ஆவி வெளிய போகாது, தண்ணி மிச்சமாகும். நமக்கு வேர்வை நின்னா ஒடம்பு கொதிக்குதில்ல, அந்த மாதிரி இலையும் சூடாகும்."

"இதுல உங்க கைவேலை எது?"

"காவக்காரன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். மத்த செடிங்க வாட ஆரம்பிச்ச பிறகு மணி அடிக்கும். என் செடி மண்ணு லேசா காயும்போதே அடிச்சுக்கும். அது அடிச்சுதா இல்லையான்னு வெளிய தெரியணுமே. இருட்டுல மினுங்குற ஒரு காளான்லேருந்து மரபணுக்களை எடுத்து, தாக மரபணு எழும்பும்போது இதுவும் எழும்புற மாதிரி கட்டிவிட்டேன்."

"ஆனா மினுங்கலை."

"தாகமே எடுக்கலேன்னா எப்படிங்க மினுங்கும்? சொன்னேன் முதலாளிகிட்ட. 'யாரும் ஒரு சொட்டு ஊத்தலை, அதுக்கு நான் பொறுப்பு'ன்னாரு."

மச்சினன் தலையை ஆட்டினான். "வேர் சொன்னா இலைக்குக் கேக்குது. இங்க பின்கட்டுல சொன்னது முன்கட்டுக்குக் கேக்கலை."

"பின்கட்டு ஆளுங்க முன் ஹால் பக்கம் வரவே கூடாதுன்னு உத்தரவு. செருப்புல மண்ணு இருக்காம். அந்த ஹால் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

நான் நேராகக் கேட்டேன். "நீங்களும் ஊத்தலைன்னு நான் எப்படி நம்புறது?"

அவர் கெட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். "ஒரு நாள் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். இலை வாடுற மாதிரி இருந்துச்சு. அரை மணி நேரம் கையில குடுவையோட நின்னேன். சாவி இல்லாததால ஊத்தலை."

அன்று அந்தக் கட்டிடத்தில் கேட்டதிலேயே நான் நம்பிய முதல் பேச்சு இதுதான். தன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒருவர் பேசினால் அதில் பாதியாவது நிஜம் இருக்கும்.

"விதை எரிஞ்சுபோச்சுன்னா?"

"மறுபடி முதல்லேருந்து. அதுக்கும் யாராவது வேலை குடுக்கணுமே. தன் செடியைத் தானே கொன்னவள்னு பேரு வந்தா தொட்டி கழுவக்கூட என்னைக் கூப்பிட மாட்டாங்க." குப்பியை விரலால் தட்டினார். விதைகள் லேசாகச் சரிந்தன. "என் பொண்ணு பொறந்த வருஷம் ஆரம்பிச்ச வேலை. அவ இப்ப என்னைவிட உயரம்."

வாட்ச்மேன் வாசல் கூண்டில் இருந்தார். இரவு டூட்டி முடிந்தும் விசாரணை என்பதால் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே புகாரைத் தொடங்கிவிட்டார்.

"கண்ணாடி வீடு கிடக்கட்டும் சார். முன் ஹால்ல ராத்திரியில மங்கலா பச்சையா ஒரு லைட்டு எரியுது. கரண்டு வீணாப் போகுதுன்னு முதலாளி என்னைத்தான் திட்டுவாரு. எல்லா ஸ்விட்சையும் அமுக்கிப் பாத்துட்டேன். அணையலை. ஒருநாள் மெயினையே அணைச்சேன். அப்பவும் எரியுது."

"மெயினை அணைச்சும் எரியுதா? அது உங்க முதலாளி படமா இருக்கும்" என்றான் மச்சினன்.

"கிண்டல் பண்ணாதீங்க சார். ராத்திரியில அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்."

"கண்ணாடி வீட்டுக்குள்ள போனீங்களா?" என்றேன்.

"நான் எதுக்கு சார் போறேன்?" கை தானாகக் கால்சட்டையின் முழங்காலுக்குப் போயிற்று. அங்கே சேறு காய்ந்திருந்தது.

எல்லாரையும் கூட்ட அறைக்குக் கூப்பிடச் சொன்னேன். முதலாளி, துணை, வாட்ச்மேன், கூட்டம் என்றதும் எட்டிப் பார்க்க வந்த கார் டிரைவர். ஆராய்ச்சியம்மாள் குப்பியோடு கதவோரம் நின்றார். உட்கார யாரும் சொல்லவில்லை.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை விரித்தேன்.

"பரிசோதனை ரிப்போர்ட் வந்துடுச்சு. செடிக்கு யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. அந்தத் தண்ணியில விஷம். இனிமே இது என் கையில இல்ல, போலீஸ் கேஸ். ஊத்துனது யாரோ அவங்களுக்குத்தான் விலங்கு."

அது முழங்கால் தைலம் வாங்கிய மருந்துக்கடைச் சீட்டு. மச்சினன் அதை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கடுமையான விஷம்" என்றான். ஒரு வகையில் அவன் சொன்னது பொய்யில்லை.

முதலில் உடைந்தவர் வாட்ச்மேன்.

"சார், நான் ஊத்துனது குழாத் தண்ணி சார். நானும் அதைத்தான் குடிக்கிறேன். என் டூட்டியில செடி செத்தா என் தலைதானே உருளும்னு ரப்பர் குழாயைப் போட்டு லேசா அடிச்சுவிட்டேன். வேற ஒண்ணும் பண்ணலை."

"நீயா?" என்று துணை பாய்ந்தார். "ஒரு சோதனையோட அருமை தெரியுமா உனக்கு? விஞ்ஞான ரீதியா பாத்தா இது..."

மச்சினன் ஊசி உறையை எடுத்து மேஜையில் வைத்தான். "விஷம் ஊசி வழியாத்தான் ஏறியிருக்குன்னு ரிப்போர்ட்ல இருக்கு. இல்ல அத்தான்?"

"ரெண்டாவது பாரா" என்றேன்.

துணையின் முகம் அந்தச் செடிகளின் நிறத்துக்கு வந்தது. "நான் ஊத்துனது காய்ச்சி வடிச்ச தண்ணி. ரெண்டு தடவை வடிச்சது. அதுல விஷம் இருக்க வாய்ப்பே இல்ல. வேரோரமா சொட்டுச் சொட்டாத்தான் விட்டேன். ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரும் இருக்கு சார். செடி செத்தா நானும்ல செத்தேன்."

"ரேடியேட்டருக்குன்னு கேன்ல வெச்சிருந்த தண்ணிதான் சார் நான் ஊத்துனது" என்றது ஒரு குரல். டிரைவர்.

"உங்களை யாருமே கேக்கலையே" என்றான் மச்சினன்.

"எல்லாரும் சொல்றாங்களேன்னு சொன்னேன். வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கிப் போய்ப் பாத்தேன். பாவமா இருந்துச்சு."

முதலாளி மேஜையைத் தட்டி எழுந்தார். "ஒருத்தனாவது யோக்கியனா இருக்கீங்களாடா? எத்தனை தடவை சொன்னேன், ஊத்தக் கூடாது, ஊத்தக் கூடாதுன்னு? நம்பிக்கைன்னு ஒண்ணு வேண்டாமா?"

நான் மச்சினனின் சட்டைப் பையில் கையை விட்டு நீல மூடியை எடுத்து அவர் முன்னால் உருட்டினேன். அது மேஜையின் நீளம் முழுக்க ஓடி அவர் பாட்டிலில் முட்டி நின்றது. அதே நீலம்.

அவர் உட்கார்ந்தார். "அது பனிமலைத் தண்ணி சார்" என்றார். குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "கப்பல்ல வருது. அதுல போய் விஷம் இருக்குமா?"

"தெரியாது. எத்தனை பாட்டில் ஊத்துனீங்க?"

"தினம் ஒண்ணு. வாங்குறவங்க வரும்போது பச்சையா நிக்க வேண்டாமா?"

மச்சினன் சுவரோரம் சாய்ந்துகொண்டான். "ஆகமொத்தம் எல்லாருமாச் சேர்ந்து தண்ணி காட்டியிருக்காங்க அத்தான்."

"செடிக்கா?"

"செடிக்கும் சரி, நமக்கும் சரி."

தண்ணீரே வேண்டாம் என்று ஊர் முழுக்க விற்கப் போகிற செடி. அது தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்று அந்தக் கட்டிடத்தில் ஒரு ஆளும் நம்பவில்லை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் ஊற்றுகிறோம் என்று நினைத்துத் திருட்டுத்தனமாக ஊற்றியிருக்கிறார்கள். தாக மரபணு எழும்ப ஒரு நாள்கூட இடம் கொடுக்கவில்லை.

விஷம் எதுவும் இல்லை, அது தைலம் வாங்கிய சீட்டு என்று சொன்னேன். எல்லாருக்கும் மூச்சு வந்தது. முதலாளிக்குச் சற்று அதிகமாகவே வந்துவிட்டது.

"சரி, ஊத்தினோம். அதனால என்ன?" என்று நிமிர்ந்தார். "அந்தம்மா கொல்லலைன்னே வெச்சுக்குவோம். தண்ணி இல்லாம அது பிழைக்கும்னு எங்க இருக்கு ருசு? வந்தவங்ககிட்ட அழுகின வேரையா காட்டறது? காட்ட ஒண்ணும் இல்லேன்னா கம்பெனிக்கு அது குப்பைதான். வாட்ச்மேன், குப்பியை வாங்கி உலையில போடு. அம்மா, உங்களைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு, நீங்க கிளம்பலாம்."

யார் ஊற்றினார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். யாரும் ஊற்றாத ஒரு செடியை எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

வாட்ச்மேன் குப்பியை வாங்கிக்கொண்டார். ஆராய்ச்சியம்மாள் கொடுக்கும்போது மூடியை ஒரு தரம் இறுக்கித் திருகிவிட்டுக் கொடுத்தார், எரியப் போகிற குப்பிக்கு. உலைக்குப் போக முன் ஹால் வழியாகத்தான் குறுக்கு வழி. வேலை போன பிறகும் அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். ஊர்வலம் மாதிரி எல்லாரும் பின்னால் வந்தோம்.

மதிய வெயில் சன்னல் வழியாக வரவேற்பு மேஜை வரைக்கும் வந்திருந்தது. நான் நின்றேன்.

"மாப்ளே, காலையில இந்தப் பிளாஸ்டிக் செடி எப்படி இருந்துச்சு?"

"விரிச்ச உள்ளங்கை மாதிரி."

"இப்ப?"

அவன் குனிந்து பார்த்தான். இலைகள் எல்லாம் நீளவாக்கில் சுருண்டு, சுருட்டி வைத்த பாய் போல நின்றன. பச்சை மட்டும் குறையவில்லை. ஜோக் அடிக்க அவன் வாயைத் திறந்தது தெரிந்தது. ஆனால் வந்தது கேள்வி.

"பிளாஸ்டிக் எதுக்கு அத்தான் வெயிலுக்குப் பயப்படுது?"

நான் வரவேற்பம்மாள் பக்கம் திரும்பினேன். "இந்த அட்டையை எழுதினது யாரு?"

"நான்தான் சார்." அவர் எழுந்து நின்றார். "ஹால்ல பச்சையா ஏதாவது வைன்னு முதலாளி சொன்னாரு. பின்கட்டுல ஓரம் உடைஞ்ச தொட்டி ஒண்ணைச் சோதனைக்கு ஆகாதுன்னு தள்ளி வெச்சிருந்தாங்க. கேட்டு எடுத்துக்கிட்டு வந்தேன். தண்ணி ஊத்தாதீங்கன்னு அந்தம்மா சொல்லித்தான் குடுத்தாங்க. ஆனா வர்றவங்க எல்லாம் மிச்சக் காப்பியைக் கொட்டுறாங்க. 'ஊற்றாதீர்கள்'னு எழுதி வெச்சேன், படிச்சுக்கிட்டே கொட்டுறாங்க. பிளாஸ்டிக்னு எழுதினேன். அன்னியோட சரி. நானும் வாரத்துக்கு ஒருக்கா துணியால தூசி தட்டுறதோட சரி."

"எப்பலேருந்து?"

"கண்ணாடி வீட்டைப் பூட்டுனாங்களே, அப்பலேருந்து."

ஆராய்ச்சியம்மாள் செருப்பைக் கீழே போட்டார். "அது எப்பவோ செத்திருக்கும்னு நெனச்சேனே" என்றார். "ஹாலுக்குப் போனா ஊத்தியே கொன்னுடுவாங்கன்னு, ஒரு நாள்கூட நான் கேக்கவே இல்லையே."

"வாட்ச்மேன்" என்றேன், "உங்க பச்சை லைட்டு எந்தப் பக்கம் எரியும்?"

அவர் குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டே மேஜையைக் காட்டினார். "இங்கதான் சார். ஆனா ஸ்விட்சு எங்க இருக்குன்னுதான்..."

"ஸ்விட்ச் வேர்ல இருக்கு. திரையை இழுத்து மூடுங்க. எல்லா விளக்கையும் அணைங்க."

கனமான திரைகள். ஹால் இருண்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, மேஜை இருந்த இடத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பிறகு இன்னொன்று. சுருண்ட இலைகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன. பெரிய வெளிச்சம் ஒன்றுமில்லை. ஈர விறகில் அணையப் போகிற தணல் பச்சையாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. விதை வாங்க வந்தவர்கள், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

"என்ன, கரண்டு இல்லையா?" என்றார் ஒருவர்.

இருட்டில் முதலாளியின் குரல் வாசலை நோக்கி நகர்ந்தது. "வாங்க, வாங்க. விளக்கை நான்தான் அணைக்கச் சொன்னேன். கதவைச் சாத்திட்டு இந்தப் பக்கம் பாருங்க. எங்க கம்பெனி உங்களுக்குன்னே ஏற்பாடு பண்ணின காட்சி இது. கண்ணாடி வீட்டுல வெச்சா யாரு வேணா காட்டலாம். ஜனங்க வந்து போற ஹால்ல, எல்லாரும் பாக்க, சொட்டுத் தண்ணி இல்லாம."

"மெயினை அணைச்சும் எரியற ஆளுன்னு காலையிலயே சொன்னேன்ல" என்று மச்சினன் என் காதில் முணுமுணுத்தான்.

திரையைத் திறந்ததும் வந்தவர்கள் மேஜையைச் சூழ்ந்து இலையைத் தொட்டுப் பார்த்தார்கள், சுடுகிறது என்று வியந்தார்கள். ஆராய்ச்சியம்மாள் வாட்ச்மேனிடம் போய்க் கையை நீட்டினார். அவர் குப்பியைக் கொடுத்துவிட்டார். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவரை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். "வந்தவங்க என்னைக் கேட்டா நான் நடந்ததைச் சொல்லுவேன். பாட்டில் மூடியோட நிறத்தையும் சேர்த்து."

"கேக்காம இருக்கணும்னா?"

"அந்தம்மா வேலையில இருந்தா என்கிட்ட கேக்குறதுக்கு என்ன இருக்கு? எல்லாத்தையும் அவங்களே விளக்கிடுவாங்க."

முதலாளி யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி, எல்லாரும் கேட்கும்படி, "அம்மா, நாளையிலேருந்து நீங்க முன்வாசல் வழியாவே வரலாம்" என்றார். பிறகு செடியைப் பார்த்து உருகினார். "பாவம், இத்தனை நாளா காஞ்சு கெடந்திருக்கு. யாராவது கொஞ்சம்..."

சொல்லி முடிக்கவில்லை. துணை மேஜை மேல் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்துவிட்டார். டிரைவர் காரை நோக்கி ஓடினார். வாட்ச்மேன் குழாய் எவ்வளவு தூரம் எட்டும் என்று கண்ணால் அளந்தார். முதலாளியின் கையில் நீல மூடி திருகும் சத்தம் கேட்டது.

ஆராய்ச்சியம்மாள் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். வெறுங்கால், கையில் குப்பி.

"யாரும் கிட்ட வரக் கூடாது" என்றார்.

யாரும் போகவில்லை. முதலாளி மூடியைத் திருகி மூடிவிட்டு, வந்தவர்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கூட்டம் தடவிய தடவலில் தொட்டியிலிருந்த அட்டை பாதி பிய்ந்து தொங்கியது. அந்த அம்மாள் அதைக் கட்டைவிரலால் அழுத்தி மறுபடி ஒட்டினார். வரவேற்பம்மாளிடம் தாழ்ந்த குரலில், "யாரு கேட்டாலும் பிளாஸ்டிக்னே சொல்லுங்க" என்றார்.

"அதுக்குத்தானேம்மா எழுதியிருக்கேன்."

மச்சினனுக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. தண்ணீர் கேட்டான். வரவேற்பம்மாள் டம்ளரை நீட்டி, அவன் முகத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை அவர் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான்.

"ஒரு சொட்டு மிச்சமில்லம்மா. இதையாவது நம்புங்க."

நான் டம்ளரை வாங்கி உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைத்தேன்.